சிரிக்காத படம் ஒன்று

செக்காலை ரோட்டில்
ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில்
நாங்கள் நான்கு பேர்,
நாற்பதைத் தொட்டும் தொடாமலும்.
தாயுமானவன் சார் இறந்து
ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

"சிரிக்காத படம் இருக்கா?" என்றார் கடைக்காரர்.
"கண்ணீர் அஞ்சலின்னா
கொஞ்சம் அமைதியான மூஞ்சியா வேணும்."

தேடினோம்.
ஜெயிலானி போனில், உமையாள் போனில்,
சவரிமுத்துவின் மனைவி போனில்கூட.
விருது வாங்குகையில் சிரிக்கிறார்.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு
நர்ஸின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்.
"ஆதார் அட்டை யார்கிட்டயாவது கிடைக்குமா?"
என்றான் சவரிமுத்து.
"கிடைச்சாலும் அதுல..." என்று நிறுத்தினாள் உமையாள்.

மொத்தம் ஐந்தே படங்கள்.
பேர் சொல்லி அழைத்ததில்லை நாங்கள்.
பெஞ்சுப் படம், டூர்ப் படம், மீசைப் படம்,
ரெக்கார்டு நோட்டுப் படம்,
அப்புறம் ஓடாத படம்.
எதிலும் வில்லன் கிடையாது.
கணக்கு வாத்தியார் இருந்தார், போதும்.
காதலைச் சொல்லப் போனவன்
பாதி வழியில் வயிறு கலங்கித் திரும்பி வந்தான்.
முகப்பருவுக்கு குளோசப் வைத்தார்.
ஃபெயிலானவனுக்கு
வகுப்பே சேர்ந்து பரோட்டா வாங்கித் தந்தது.

நான் ஃபெயிலான வருடம்
அந்தக் காட்சியை ஒன்பது முறை பார்த்தேன்.
"இதுல என்னடி சிரிப்பு?" என்றார் அப்பா.
சிரிக்கவில்லை அப்பா,
சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஓடாத படத்தை தேவகோட்டையில்
மூன்று நாளில் தூக்கப் பார்த்தார்கள்.
காசு சேர்த்து நாற்பது டிக்கெட் எடுத்தோம்,
ஒரு காட்சியாவது கூட ஓடட்டும் என்று.
முப்பத்தாறு நாற்காலிகள்
கடைசிவரை சிரிக்கவே இல்லை.

மீசைப் படத்தைப்
பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எடுத்தார்கள்.
கூட்டத்துக்கு அறுபது பிள்ளைகள், எங்களையும் சேர்த்து.
இரண்டு நாள் வெயில், இரண்டு நாள் தயிர்சாதம்.
"எல்லாரும் சோகமா நில்லுங்க!" என்று
உதவி இயக்குநர் கத்த,
"பதினாறு வயசுல சோகமா நிக்க வராதுய்யா,
சாயத்தான் வரும்" என்றார் அவர்.
சாய்ந்தோம்,
சுவரில், தூணில், ஒருத்தர்மேல் ஒருத்தர்.

திரையில் வந்தது என் முழங்கை.
இடது. ஒன்றரை வினாடி.
தியேட்டரில் எழுந்து நின்று
விசிலடித்தான் ஜெயிலானி.
கோபமாகக் கடிதம் போட்டேன்.
அஞ்சலட்டையில் பதில் வந்தது:
"உங்கள் முழங்கை நன்றாக நடித்திருந்தது.
கதாநாயகன்தான் கொஞ்சம் சொதப்பிவிட்டான்."

கடைக்காரருக்கு நேரமாகிவிட்டது,
வரிசையில் ஒரு காதணி விழா, ஒரு கட்சி மாநாடு.
சிரிக்கிற படத்தையே போடுங்கள் என்றோம்.
கீழே என்ன எழுத?
ஜெயிலானி நாலு வரி சொன்னான்,
இமயம், சகாப்தம் எல்லாம் வந்தது.
"எடிட்டிங்ல வெட்டிருவாரு" என்றாள் உமையாள்.
கடைசியில் இரண்டே சொல்:
லாங் பெல்.

விடிவதற்குள் பெரியார் சிலைப் பக்கம் கட்டிவிட்டோம்.
டீ மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார்.
"பொறந்த நாளா?"
நான்கு பேரும் வாயைத் திறந்தோம்.
"ஆமாண்ணே" என்றான் சவரிமுத்து.
"நல்லாருக்கட்டும்" என்றவர்
வடைக்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் மழை.
ஆபீஸ் விட்டு வருகையில் பார்க்கிறேன்,
கயிறு மட்டும் தொங்குகிறது.
கழனிவாசல் போகிற ரோட்டில்
யூனிபாரத்தில் மூன்று பிள்ளைகள்
சாரைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.
காற்றுக்குப் பாதி மடங்கி,
தலைகீழாக, அப்போதும் அதே சிரிப்பு.
யாரென்று தெரிந்திருக்காது அதுகளுக்கு.

வண்டியை நிறுத்தினேன்.
கூப்பிடவில்லை.
ஓரமாக ஓடியவளின் முழங்கை மட்டும்
வெளியே நனைந்துகொண்டிருந்தது.
இடதா வலதா,
மழையில் சரியாகத் தெரியவில்லை.